கரவனுக்கு அட்டை அடித்த கதை

1. நெற்றியில் விழுந்த துளி

நான் ரயில் பெட்டி திருத்தும் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். ஓய்வு பெற்ற பிறகுதான் உண்மையான வேலை என்னவென்று தெரிந்தது. மீன் வாங்கி வா, பேரனை ஏற்றி வா, மருமகனின் மோட்டார் சைக்கிளைக் கழுவு. ஆகவே கீரிக் கடற்கரையில் ஒரு கரவனைப் பராமரிக்க ஆள் தேவை என்று கேள்விப்பட்டதும் ஸ்பானர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

கரவன் என்பது காரின் பின்னால் கொளுவி இழுத்துப் போகும் சில்லு வைத்த வீடு. கட்டில், சமையல் மேடை, கக்கூசு எல்லாம் உள்ளேயே உண்டு. அதன் முதலாளி சிவபாலன் திருக்கேதீஸ்வரம் பக்கத்து வயற்காரக் குடும்பத்துப் பிள்ளை, கனடாவில் குடியேறியவர். மாரியில் பூநாரை பார்க்க வரும் வெள்ளைக்காரருக்கு அதை வாடகைக்கு விடுவது அவர் திட்டம். சரிபார்க்க முதலில் அவரும் மனைவி வதனியும் அதில் தங்கினார்கள்.

முதல் நாள் காலை போனால் மனுசன் தலையில் துவாயோடு வாசலில் நிற்கிறார். மூத்த முஸ்லிம் ஆளை எங்கள் பக்கம் நானா என்றுதான் கூப்பிடுவார்கள்.

"நானா, கூரை ஒழுகுது! நெத்தியில சொட்டுச் சொட்டா விழுது!"

தண்ணீர் மேலிருந்துதான் வரும் என்பது என் தொழில் கற்றுத் தந்த பாடம். கூரையில் ஏறி, இருந்த மூட்டுகளுக்கெல்லாம் சிலிக்கோன் பூசினேன். மறுநாள் மழையே இல்லை. ஆனாலும் சொட்டியது.

"மழை இல்லையே தம்பி?" என்றேன்.

"அப்ப பனியாக்கும். நானா, வாற விருந்தாளிகள் ஒரு குறை சொன்னாலும் இதைத் தெற்குப் பக்க ஹொட்டல்காரனுக்குக் குடுத்திட்டுப் போயிடுவன்."

கரவன் போனால் எனக்கு மறுபடியும் மருமகனின் மோட்டார் சைக்கிள்தான்.

2. மைனஸ் முப்பது

"நாங்கள் மைனஸ் முப்பதில வாழ்ந்தனாங்கள். குளிரைப் பற்றி எனக்கு ஆரும் சொல்லித் தரத் தேவையில்லை," என்றார் சிவபாலன். அப்போது அவர் இரண்டு சுவெட்டரும் கம்பளித் தொப்பியும் போட்டிருந்தார். வெளியே ஓலைத்தொடுவாய் மீன்காரன் சட்டையில்லாமல் சைக்கிளில் போனான்.

கனடாவிலிருந்து பெட்டியில் வைத்துக் கொண்டுவந்த ஹீட்டரை முதலில் கொளுவினார். அது அந்த ஊர்க் கரண்டுக்குச் செய்த சாமான். நம்முடைய கரண்டு பட்டதும் ஒருமுறை சிவந்து, புகைந்து, ஓய்ந்தது. அடுத்தது அட்டை. கரவனின் இரு பக்கமும் கீழே காற்றுப் போகும் வென்ட் இருக்கும். பால்மா வந்த அட்டைப் பெட்டிகளை வெட்டி அவற்றின் மேல் ஒட்டச் சொன்னார்.

"தம்பி, வென்டை மூடக் கூடாதெண்டு கொம்பனிக்காரன் எழுதி ஒட்டியிருக்கிறான்."

"அது சூடான நாடுகளுக்கு நானா."

அந்தக் கரவன் பனி கொட்டும் நாட்டில் செய்தது. முதலாளி சொல்லிவிட்டால் பனி கொட்டும் நாடும் சூடான நாடுதான். ஒட்டினேன்.

உள்ளே வதனி குளிருக்கென்று கேத்திலில் கொத்தமல்லித் தண்ணீர் கொதிக்க வைத்தபடியே இருந்தார். ஈரத் துவாய்கள் கொடியில் தொங்கின. கதவும் யன்னலும் இறுக்கச் சாத்தியிருந்தன. சுவர் எங்களை விட அதிகமாக வியர்த்தது. தலையணையில் பூஞ்சணம் பிடித்தது.

"இன்னும் எங்கேயோ ஓட்டை இருக்கு," என்றார் சிவபாலன். நானும் தேடினேன். கண்ட ஓட்டைக்கெல்லாம் அட்டை அடித்தேன்.

3. ஓட்டை போட்டவர்

விருந்தாளிகள் வருவதற்கு முதல் நாள், இருவரும் சாமானோடு வதனியின் தாய் வீட்டுக்குப் போய்விட்டார்கள். மறுநாள் காலை சுவர் துடைக்கப் பழந்துணியோடு வந்தேன். ஊரில் கட்டாமல் திரியும் கழுதைகளில் ஒன்று வாடைக்காற்றுக்குக் கரவனின் மறைவில் ஒதுங்கி நின்றது. வாயில் அட்டை. சுற்றி வந்து பார்த்தேன். ஒரு வென்டிலும் அட்டை இல்லை. டேப்பையும் விடவில்லை.

போச்சு என்று நினைத்துக் கதவைத் திறந்தேன். காற்று ஒரு பக்கத்தால் புகுந்து மறு பக்கத்தால் போய்க்கொண்டிருந்தது. கூரையைத் தடவினேன், காய்ந்திருந்தது. சுவரும் காய்ந்திருந்தது. தண்ணீர் மேலிருந்து வரவில்லை. எங்கள் மூச்சும் வதனியின் கேத்தில் ஆவியும்தான் இத்தனை நாளும் வெளியே போக வழியில்லாமல் சொட்டியிருக்கின்றன. சந்தோசத்தில் கழுதையைக் கட்டிப்பிடிக்கலாம் போலிருந்தது. உதைக்கும் என்று விட்டுவிட்டேன்.

வந்த தம்பதி பூநாரை பார்த்தார்கள், நன்றாகத் தூங்கினார்கள். போகும்போது, வழியனுப்ப வந்த சிவபாலனிடம் இந்தக் காற்றிலும் மழையிலும் எப்படி இவ்வளவு காய்ந்திருக்கிறது என்று கேட்டார்கள்.

"கனடியன் சிஸ்டம்," என்றவர் அட்டையைக் காட்ட அவர்களைப் பக்கவாட்டுக்கு அழைத்துப் போனார். வென்ட் திறந்து கிடந்தது. வெள்ளைக்காரர் குனிந்து பார்த்து, காற்றோட்டம் அருமை என்று அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். சிவபாலன் என்னைப் பார்த்தார். நான் கடலைப் பார்த்தேன்.

அவர்கள் போனபின் மெல்லச் சொன்னார்: "நானா, முதல் அடைச்சு, பிறகு திறக்க வேணும். அதுதான் முறை."

"ஓம் தம்பி."

கரவனை அவர் விற்கவில்லை. இப்போது கனடாவில் இருக்கிறார். ஒவ்வொரு மாரியும் வாடை தொடங்கியதும் ஃபோன் வரும்.

"நானா, அட்டை அடிச்சாச்சோ? படம் அனுப்புங்கோ."

அடிப்பேன், படம் எடுத்து அனுப்புவேன். "வெரி குட்" என்று பதில் வரும். இந்த வேலைக்கு வரும் இளம் ஆட்களுக்கு நான் சொல்வது இதுதான்: முதலாளி சொன்னதைச் சொன்னபடியே செய்யுங்கள், அதைத் தின்ன வருகிறவரைத் துரத்தாதீர்கள்.

நல்ல தடிப்பான அட்டையாகப் பார்த்துத்தான் வாங்குகிறேன். கழுதைக்கும் பசிக்கும்.