நடைவண்டிக்கு நான் சொன்ன சாட்சி

போன புதன்கிழமை பட்டாபிராமில் எங்கள் தெருவுக்குப் பின்னால் இருக்கும் சுகாதார நிலையத்துக்கு மகளைத் தூக்கிக்கொண்டு போயிருந்தேன். அவளுக்கு இரண்டு வயது முடிந்து பதினோரு நாள். நாள் கணக்குச் சொல்வதை நிறுத்து என்கிறார் என் கணவர். முடியவில்லை. மருந்து கொடுத்த பிறகு நர்ஸம்மா ஒரு மஞ்சள் அட்டையை எடுத்தார். வரிசையாகக் கட்டங்கள். இத்தனை மாதத்தில் தலை நிற்கும், இத்தனையில் உட்காரும், இத்தனையில் நடக்கும்.

"ரெண்டு வார்த்தை சேத்துப் பேசுறாளாம்மா? 'அம்மா வா', 'பால் குடு', அந்த மாதிரி?"

"பேசுறா சிஸ்டர்."

அவர் டிக் போட்டு அட்டையை என்னிடம் கொடுத்துவிட்டார். என் மகளுக்குத் தெரிந்த வார்த்தைகளே மூன்றுதான். எனக்கு 'மா', எதைக் கேட்டாலும் 'தா', ரயிலுக்குக் 'கூ'. அவற்றில் இரண்டை அவள் இன்றுவரை சேர்த்ததில்லை. ஆனால் பின்னால் பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு பொடியன், என் மகளைவிட இளையவன், "அம்மா, அந்தப் பாப்பா அழுவுது" என்று சரளமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். அதைக் கேட்ட பிறகு 'இல்லை' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சுகாதார நிலையத்தை ஒட்டி ஒரு மரக்கடை. இந்தப் பக்கம் புதிதாக எழும்பும் வீடுகளுக்கெல்லாம் கதவும் நிலையும் அங்கேதான் இழைக்கிறார்கள். உங்களுக்கும் ஏதாவது ஒரு வாசனை இப்படிச் செய்யும் என்று நினைக்கிறேன். மரத்தூள் வாசனை மூக்கில் ஏறியதும் நான் எட்டு வயதுப் பெண்ணாக, கையில் ஓர் ஆணியோடு, ஆவடி குவார்ட்டர்ஸில் எங்கள் வீட்டுச் சமையலறைத் தரையில் உட்கார்ந்திருந்தேன்.

அந்தப் பிளாக்கில் எட்டு வீடுகள். எல்லா வீட்டு அப்பாக்களுக்கும் ஒரே தொழிற்சாலை, ஒரே சங்கு. ஊர்தான் வேறு வேறு. நாங்கள் திருநெல்வேலிப் பக்கம். எதிர்வீட்டு ஸ்டெல்லா அக்கா நாகர்கோவில். கீழே கோயம்புத்தூர்க்காரர்கள், அவர்கள் வீட்டு ரசத்தின் மணம் மாடிப்படி முழுக்க ஏறும். பிள்ளை வளர்ப்பைச் சொல்லித்தர யார் வீட்டிலும் பெரியவர்கள் இல்லை. அதனால் அம்மாக்கள் எல்லோரும் அடுத்த வீட்டுப் பிள்ளையைப் பார்த்துத் தங்கள் பிள்ளையை அளந்தார்கள்.

அதற்கு ஓர் அளவுகோலும் இருந்தது. எட்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரே நடைவண்டி. யாரோ மாற்றலாகிப் போகும்போது விட்டுவிட்டுப் போனது. மூன்று சக்கரம், அதில் ஒன்று கிரீச்சிடும். பிள்ளை வண்டியை விட்டுவிட்டு நாலு அடி தனியாக நடக்க வேண்டும், அதை யாராவது பார்க்க வேண்டும். பார்த்துவிட்டால், வண்டியைக் கவிழ்த்து அடிப்பலகையில் ஆணியால் பிள்ளையின் பெயரையும் மாதத்தையும் கீறி, அடுத்த வீட்டுக்குக் கொடுத்துவிட வேண்டும். பத்து, பதினொன்று, பன்னிரண்டு என்று பலகை நிறைய எண்கள். பதினான்கைத் தாண்டி ஒன்றும் கிடையாது.

என் தம்பி அருளுக்குப் பத்தாம் மாதத்தில் வண்டி வந்தது. பதினான்காம் மாதமும் முடியப் போயிற்று. பிடித்துக்கொண்டு நிற்பான், சிரிப்பான், தொப்பென்று உட்கார்ந்துகொள்வான். எதிர்வீட்டில் ஸ்டெல்லா அக்காவின் மகள் சுவரைப் பிடித்து எழ ஆரம்பித்திருந்தாள். அக்கா வண்டியைக் கேட்கவில்லை. வாசலில் நின்று, "வண்டிச் சத்தத்தையே காணல்லியே, எண்ணெ விட்டாச்சா?" என்று மட்டும் கேட்டார்.

அம்மா கதவைச் சாத்திவிட்டு வந்து என்னை உட்கார வைத்தாள்.

"தம்பி நாலு அடி நடந்துட்டாம்னு போய்ச் சொல்லுட்டி. நீ பாத்தேன்னு சொல்லணும், என்ன?"

"நடக்கலையேம்மா."

"இன்னைக்கோ நாளைக்கோ நடக்கத்தான போறான்."

ஆணியை என்னிடம் கொடுத்தாள். என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று பள்ளியில் பெயர். 'அருள், 14' என்று அழகாகக் கீறினேன். வண்டியை இழுத்துக்கொண்டு போய், தம்பி வாசற்படியிலிருந்து தண்ணீர்க் குடம் வரை நடந்ததை ஸ்டெல்லா அக்காவிடம் விவரித்தேன். குடம் என் சொந்தச் சேர்க்கை. எட்டு வயதில் குழந்தைக்கு என்னவெல்லாம் வரும் என்று மஞ்சள் அட்டையில் போடவில்லை. போட்டிருந்தால் எனக்கும் ஒரு டிக் கிடைத்திருக்கும்.

அதற்குப் பிறகுதான் சிக்கல். நடந்துவிட்ட பிள்ளையை நடக்காமல் வெளியே காட்ட முடியாது. எங்கே போனாலும் அம்மா அவனை இடுப்பிலேயே வைத்துக்கொண்டாள். கேட்டால் காலில் கொப்புளம், சளி, தூக்கம். இருபத்திரண்டாம் மாதத்தில் உண்மையாகவே நடந்தான். ஒரு பக்கமாகச் சாய்ந்து நடந்தான். அப்போதும் இடுப்புதான்.

அதைக் கண்டுபிடித்தது வெள்ளானூரிலிருந்து கீரைக்கூடையோடு வரும் கன்னியம்மா. அம்மா வாசலில் உட்கார்ந்து கீரையைப் புரட்டிக்கொண்டிருந்தபோது அருள் உள்ளேயிருந்து அவளைத் தேடி நடந்து வந்துவிட்டான்.

"இன்னாம்மா, புள்ள ஒரு பக்கமா சாயுது? ஒரு காலு குட்டையா கீது பாரு. டாக்டராண்ட காட்னியா?"

"இப்பத்தான் நடக்கப் பழகுதான். அதெல்லாம் ஒண்ணுமில்ல."

"சொல்றன்னு கோச்சிக்காத. எங்க அக்கா புள்ளைக்கும் இப்டித்தான்…"

அம்மா கீரைக்கட்டைக் கூடையில் திருப்பிப் போட்டாள். "இனிமே எங்க வீட்டுக்குக் கீரை வேண்டாம்."

கன்னியம்மா கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டாள். "சரி, கீர வாணாம். புள்ளயக் காட்டு."

காட்டவில்லை. இரண்டு வருடம் போயிற்று. பள்ளியில் சேர்த்த பிறகு அடிக்கடி விழுகிறான் என்று டீச்சர் பிடிவாதமாகச் சொல்லி அனுப்பியதால்தான் பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் கேட்டார்: "எத்தன மாசத்துல நடந்தான்?"

"பதினாலு," என்றேன் நான். எனக்குப் பதினோரு வயது. பொய் சொல்கிறோம் என்றே தோன்றவில்லை. அந்தக் குடம்கூட எனக்கு நினைவில் இருந்தது.

அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு டாக்டரைப் பார்த்து, "இல்ல சார். இருவத்திரண்டு. அவளுக்கு ஒண்ணும் தெரியாது" என்றாள். அம்மாவுக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. அந்த ஒரு வரியைச் சொல்ல அவளுக்கு அத்தனை காலம் பிடித்தது.

பிறக்கும்போதே இடுப்பு மூட்டு விலகியிருந்ததாம். நடக்க ஆரம்பித்த உடனே வந்திருந்தால் இவ்வளவு கஷ்டமில்லை என்றார் டாக்டர். இரண்டு ஆபரேஷன். மாதக்கணக்கில் மாவுக்கட்டு. இப்போது அருளுக்குப் பதினெட்டு வயது, ஐ.டி.ஐ. படிக்கிறான். கொஞ்சம் விந்தி நடக்கிறான்.

ஞாயிற்றுக்கிழமை அவன் வந்தபோது அட்டை விஷயத்தைச் சொன்னேன். என் மகள் அவன் தோளில் உட்கார்ந்து முடியை இழுத்துக்கொண்டிருந்தாள். அவன் பேசுவது அம்மாவின் தமிழ் அல்ல, சுத்தமான ஆவடித் தமிழ்.

"உனுக்கு இதே வேலையாப் போச்சுக்கா," என்று சிரித்தான்.

"இன்னைக்கோ நாளைக்கோ பேசத்தாண்டா போறா."

சொன்ன பிறகுதான் அது யாருடைய வாக்கியம் என்று எனக்கு உறைத்தது. அவன் சிரிப்பு நின்றுவிட்டது. மகளை இறக்கி என் மடியில் உட்கார வைத்தான்.

"பேசுவாதான். ஒருவேள பேசலன்னா? போய் மாத்திட்டு வாக்கா."

இதை எழுதும் இன்று செவ்வாய்க்கிழமை. நாளைக்குச் சுகாதார நிலையத்துக்குப் போக அட்டையைக் கைப்பையில் வைத்துவிட்டேன். நர்ஸம்மாவிடம் சொல்ல வேண்டியதைப் பாத்திரம் தேய்த்தபடி நாலைந்து முறை சொல்லிப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் நடுவில் ஒரு சமாதானம் நுழைந்துவிடுகிறது.

போன வருடம் ஒருமுறை அந்தக் குவார்ட்டர்ஸ் பக்கம் போயிருந்தேன். பாதி வீடுகள் பூட்டிக் கிடந்தன. எங்கள் பழைய வீட்டில் இருந்த பெண்ணிடம் நடைவண்டியைப் பற்றிக் கேட்டேன். "வாக்கரா? எங்களது உள்ள இருக்கே," என்று பிளாஸ்டிக் வண்டி ஒன்றைக் காட்டினாள். இப்போது வீட்டுக்கு ஒன்று. யாரும் யாருக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை. வெள்ளானூரில் கீரைப்பாத்திகள் இருந்த இடத்தில் கல் நட்டு மனை பிரித்திருக்கிறார்கள். கன்னியம்மாவைத் தெரிந்தவர்கள் அங்கே யாரும் இல்லை.

அந்த வண்டி ஸ்டெல்லா அக்கா வீட்டுக்குப் பிறகு எத்தனை வீடு போயிற்றோ, யாருடைய மாற்றலோடு எந்த லாரியில் ஏறிற்றோ தெரியாது. அடுப்பில் போகாமல் எங்காவது கிடந்தால் அதன் அடிப்பலகையில் 'அருள், 14' என்று என் கையெழுத்து இன்னும் இருக்கும். என் தம்பி பதினான்காம் மாதத்தில் நடந்த ஒரே இடம் அதுதான்.