காரை விட்டுப் பிக்கப்பை எடுத்தேன்

கணவர் இறந்து இரண்டு வருடம் கழித்து, எண்பதுகளின் தொடக்கத்தில், சொந்தமாக ஒரு வண்டி வாங்கப் புறப்பட்டேன். போடி மலையில், குரங்கணிக்கு மேலே எங்களுக்குச் சின்ன ஏலக்காய்த் தோட்டம். அதுவரை வாடகை ஜீப்பை நம்பித்தான் காய் இறக்கினேன். வருகிறேன் என்பான் டிரைவர், வரமாட்டான். பச்சைக்காய் மூட்டையிலேயே புழுங்கிப் போகும்.

போடியில் இரண்டு வண்டிகள் விலைக்கு வந்தன. ஒன்று, வயதான டாக்டர் ஒருவரின் பழைய சின்னக் கார். இன்னொன்று, ஒரு எஸ்டேட்காரர் கழித்துவிட்ட ஜீப் பிக்கப். வயதில் காரைவிட இளையது, பார்க்கத்தான் கிழடு.

என் அண்ணன் காரைப் பேசி முடித்துவிட்டே வீட்டுக்கு வந்தார். "ஏத்தா, பொம்பள லோடு வண்டி ஓட்டிக்கிட்டு பஜார்ல போனா நாலு பேரு சிரிக்க மாட்டான்?"

"சிரிக்கட்டும்ணே. சிரிக்கிறவன் எவனும் என் மூட்டைய எறக்கித் தரப்போறதில்ல. ரெண்டையும் தோட்டம் வரைக்கும் ஓட்டிப் பாத்துட்டுத்தான் வாங்குவேன்."

கணவர் இருந்தபோதே ஓட்டப் பழகி லைசென்ஸும் எடுத்திருந்தேன்.

முதலில் கார். குரங்கணி வரை அலுங்காமல் போனது. கிளட்சை மிதித்ததே தெரியவில்லை. பின்சீட்டில் அண்ணன் சிரித்துக்கொண்டே வந்தார். தோட்டத்து மண்பாதையில் திரும்பியதும் வண்டியின் அடி கல்லில் இடித்தது. மூன்றாவது வளைவில் சக்கரம் சுற்றியதே தவிர வண்டி நகரவில்லை. அண்ணன் இறங்கித் தள்ளினார். வேட்டியெல்லாம் சேறு.

மறுநாள் பிக்கப். ஸ்டியரிங்கைத் திருப்ப இரண்டு தோளும் வேண்டியிருந்தது. இடப்பக்கக் கதவைக் கயிற்றால் கட்டியிருந்தார்கள். ஆனால் நாலு சக்கரமும் இழுக்கும் கியரைப் போட்டதும், எட்டு மூட்டை எருவோடு அதே வளைவில் முனகிக்கொண்டே ஏறிவிட்டது.

பிக்கப்பை வாங்கினேன். அண்ணன் என்னோடு பேசுவதையே நிறுத்திக்கொண்டார். பஜாரில் டீக்கடை வாசலில் நின்ற ஒருவன், "ஆத்தா, லோடு வருமா?" என்று கிண்டலாகக் கேட்டான்.

வண்டியை நிறுத்தினேன். "வரும். ஏத்தி எறக்க நீ வர்றியா?"

அவன் டீ கிளாசோடு உள்ளே போய்விட்டான்.

அடுத்த கார்த்திகை மழையில் அண்ணனின் காப்பித் தோட்டத்து மூட்டைகள் மலைமேல் மாட்டிக்கொண்டன. எந்த ஜீப்பும் போகவில்லை. ஆளை அனுப்பி வண்டி கேட்டார். "அவரையே வந்து கேக்கச் சொல்லு" என்று திருப்பி அனுப்பினேன்.

சாயங்காலம் குடையோடு வந்து நின்றார். "வண்டி வேணும்த்தா."

"எந்த வண்டிண்ணே?"

தரையைப் பார்த்தார். "ஒன் லோடு வண்டிதான்."

உடனே சாவியை எடுத்தேன். இறக்கத்தில் முன்கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு, "மெதுவா, மெதுவா" என்றபடியே வந்தார். மூட்டைகளை இறக்கிய பிறகு, வேறெங்கோ பார்த்தபடி, "பிரேக்கு நல்லாத்தான் பிடிக்குது" என்றார்.

"ஓட்டுறவளும் நல்லாத்தான் ஓட்டுறா, அதையும் சொல்லிட்டுப் போங்க" என்றேன். அவர் சொல்லும்வரை இஞ்சினை அணைக்காமல் அங்கேயே நின்றேன்.