பின்பக்கத்து இரண்டு விளக்குகள்

கம்பெனியில் அவருக்குப் பெயர் போட்டோ சார். தகவல் சேமிக்கும் பெட்டிகளைப் பழுது பார்ப்பதுதான் வேலை. மருத்துவமனை, வங்கி, அச்சகம் என்று எங்கே பெட்டி மக்கர் செய்தாலும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். போனதும் பெட்டியின் முகத்தைக்கூடப் பார்க்க மாட்டார், நேரே பின்பக்கம்தான். கேபிள்கள் தொங்குகிற, ஃபேன்கள் அனல் கக்குகிற அந்த இடுக்கில் குந்தி, ஒரு போட்டோ எடுத்த பிறகுதான் எதையும் தொடுவார். மேலாளர் ஒரு கூட்டத்தில் இதைப் பிரமாதமாகப் புகழ்ந்து, "இவரைப் பாத்துக் கத்துக்கங்கய்யா, என்ன ஒரு ஜாக்கிரதை!" என்று எல்லோருக்கும் அதையே சட்டமாக்கிவிட்டார். ஜாக்கிரதையாம், வெங்காயம்! மனிதருக்குப் பச்சைக்கும் ஆரஞ்சுக்கும் வித்தியாசம் தெரியாது. அவ்வளவுதான் சங்கதி.

பிறவியிலேயே அப்படி. அந்தத் தொழிலிலோ பச்சை என்றால் நலம், ஆரஞ்சு என்றால் கோளாறு. டிஸ்க்குகளின் விளக்குகள் சிமிட்டும். சிமிட்டுகிற விதத்தை வைத்தே அவர் சமாளித்துவிடுவார். வில்லங்கம் பவர் யூனிட்டுகளில்தான். பின்பக்கத்தில் இரண்டு இருக்கும், ஒன்று போனால் மற்றது தாங்கும். அவற்றின் விளக்குகள் சிமிட்டுவதில்லை, இரண்டும் ஒரே மாதிரி முறைத்துக்கொண்டு நிற்கும். கெட்டது என்று நினைத்து நல்லதைப் பிடுங்கிவிட்டால் பெட்டி மொத்தமும் அணைந்துவிடும்.

அதற்குத்தான் போட்டோ. எடுத்த கையோடு அது மனைவியின் போனுக்குப் போகும். அவள் தையல் கடையில் துணிக்குப் பொருத்தமான நூல் எடுத்துக் கொடுக்கிறவள். நூறு நீலத்தில் சரியான நீலத்தைக் கண்ணால் பார்த்தே எடுத்துவிடுவாள். கல்யாணமான புதிதில் இவர் பச்சை ரவிக்கைக்குப் பழுப்பு நூல்கண்டு வாங்கிவந்து பெருமையாக நீட்டியபோதே குட்டு உடைந்துவிட்டது. வயிறு வலிக்கச் சிரித்தாள். ஆனால் ஒரு ஈ காக்கையிடம்கூட மூச்சுவிடவில்லை. போட்டோ போன சற்று நேரத்தில் பதில் வரும்: "இடது காய், வலது பழம்." கடையில் அவளுக்கு எதிரில் எவ்வளவு கூட்டம் நின்றாலும் வரும். சில நாள் கூடவே, "பழத்தைப் பறிச்சாச்சா?" என்று ஒரு கிண்டலும் வரும்.

அவள் போய்ச் சேர்ந்து ஒரு மாதம் ஆகிறது. காலையில் தலை வலிக்கிறது என்றாள், பொழுது சாய்வதற்குள் இல்லாமல் போனாள். சொல்ல வேண்டியவர்களுக்கெல்லாம் மச்சான்தான் போன் போட்டுச் சொன்னார், வந்தவர்களிடமும் அவர்தான் பேசினார். கம்பெனிக்கும் அவரே, "குடும்பத்துல ஒரு துக்கம்" என்று பொதுவாகச் சொல்லி லீவு வாங்கிக் கொடுத்தார். இவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். "ஒரு சொட்டுக் கண்ணீர் விடலையே, மனுஷனா கல்லா?" என்று கொழுந்தியாள் எல்லோர் காதிலும் விழுகிற மாதிரிக் கேட்டாள். கேட்டதில் என்ன தப்பு? அவருக்கே அது புரியவில்லை. வெகுநேரம் சம்மணம் போட்டால் கால் மரத்துப்போய்க் கிள்ளினாலும் தெரியாதே, உடம்பு முழுக்க அப்படி இருந்தது. குளித்தார், சாப்பிட்டார், வேலைக்குப் போனார். நல்லவேளை, வந்த வேலையெல்லாம் டிஸ்க் வேலையாகவே வந்தது.

அன்று மதியம் ஒரு ஸ்கேன் சென்டரிலிருந்து அழைப்பு. பெட்டியில் ஒரு பவர் யூனிட் போய்விட்டது. கூடத்தில் நோயாளிகள் நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே மெஷினுக்குள் ஒரு பெரியவர் அசையாமல் படுத்திருந்தார். பெட்டி அணைந்தால் அத்தனை பேருடைய படமும் நிற்கும். அதோடு போட்டோ சாரின் பிழைப்பும் நிற்கும்.

பின்பக்கம் போய்க் குந்தினார். இரண்டு விளக்குகள். இரண்டும் ஒரே நிறம். எது ஒன்று, எது இரண்டு என்று எழுதியிருக்க வேண்டிய ஸ்டிக்கரை யாரோ புண்ணியவான் சுரண்டி வைத்திருந்தான். கம்பெனிக்குப் போன் போட்டு, "இடதா, வலதா?" என்று கேட்டார்.

"திரையில ரெண்டாம் நம்பர்னுதான் காட்டுது. அது எந்தப் பக்கம்னு இங்கேருந்து எனக்கு எப்படித் தெரியும் சார்? ஆரஞ்சா எரியறதைக் கழட்டுங்க. கண்ணு முன்னாடிதானே எரியுது!" என்று எதிர்முனை சிரித்தது.

போனை வைத்தார். கை தன்பாட்டுக்குப் போட்டோ எடுத்தது, தன்பாட்டுக்கு அவளுக்கு அனுப்பியது. ஒற்றை டிக் விழுந்தது. அவள் போன் அலமாரியில் புடவைகளுக்கு அடியில் சார்ஜ் இல்லாமல் கிடக்கிறது, வைத்தவரே அவர்தான். தெரிந்தும் திரையைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார். அனல்காற்று முகத்தில் அடித்துக்கொண்டே இருந்தது. இன்னொரு டிக் விழவில்லை.

"என்ன சார், குடித்தனமே நடத்தறீங்களா உள்ளே?" ஸ்கேன் எடுக்கிற பெண் எட்டிப் பார்த்தாள். வாய்த்துடுக்கானவள், ஆனால் மனசு நல்ல மனசு. "வெளியில எல்லாரும் என் உயிரை எடுக்கறாங்க."

"ஏம்மா," என்றார். இத்தனை வருஷத்தில் வெளியார் ஒருவரிடமும் கேட்காத கேள்வி. "இதுல ஆரஞ்சு எது?"

அவள் விளையாட்டு என்று நினைத்து அவர் முகத்தைப் பார்த்தாள். பார்த்ததும் சிரிப்பை விழுங்கிக்கொண்டு பக்கத்தில் குந்தினாள். "இடது பக்கம் சார். உங்களுக்கு... தெரியாதா?"

"தெரியாதும்மா. போட்டோ அனுப்பினா வீட்ல சொல்லுவா."

"அட, அதுக்குத்தான் போட்டோவா! அப்ப இன்னிக்கு ஏன் சொல்லல? சண்டையா?"

"அவ செத்துட்டா."

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது, அந்த வார்த்தையை அவர் வாய் இதுவரை சொன்னதில்லை என்று.

"ஐயோ! போன வாரம்கூட வந்தீங்களே சார், ஒரு வார்த்தை சொல்லலையே?"

"யாரும் கேக்கல."

இடது யூனிட்டின் பிடியை அழுத்தி உருவினார். பெட்டி அணையவில்லை. புதியதைச் செருகிக் கேபிளை மாட்டினார். "ரெண்டும் பச்சை சார்," என்று அவள் மெதுவாகச் சொன்னாள். அவர் தலையாட்டிவிட்டு ஸ்க்ரூ டிரைவரைப் பையில் போட்டார்.

அந்தப் பெண்ணுக்கு எழுந்து போக மனம் வரவில்லை. பாவம், விளக்கை நினைத்துத்தான் கேட்டாள்: "இனிமே யாரைக் கேப்பீங்க சார்?"

பையை மூடிக்கொண்டே யோசித்தார். மச்சானா? கொழுந்தியாளா? கம்பெனியிலா? ஒவ்வொரு முகமாக வந்து போனது. ஒருவரும் இல்லை. குந்தியிருந்தவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். போய்ச் சேர்ந்தவள் வேண்டும் என்று இருந்தது. விளக்குக்காக இல்லை, எதற்காகவும் இல்லை, வெறுமனே அவள் வேண்டும் என்று இருந்தது.