தளை தட்டிய ஈற்றடி

எண்பதுகளின் கடைசியில் ஓர் ஆவணி மாதம். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கல்யாண மண்டபம். என் தங்கைக்குக் கல்யாணம்.

அப்போது நான் ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்கிற ஒரு கம்பெனியில் டைப்பிஸ்ட். சேத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் போய்வருவேன். பழைய புத்தகக் கடையில் கிடைத்த ஒரு யாப்பிலக்கண நூல் என்னைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்த காலம் அது. வெண்பா என்றால் நாலே அடிதான். ஆனால் ஒரு சீர் முடிகிற ஓசையும் அடுத்த சீர் தொடங்குகிற ஓசையும் விதிப்படி பொருந்தியாக வேண்டும். அந்தக் கட்டுக்குத்தான் தளை என்று பெயர். பொருந்தாவிட்டால் தளை தட்டிவிட்டது என்பார்கள், வெண்பா செத்தது. பஸ் கம்பியைப் பிடித்த கையிலேயே விரல் மடக்கி அசை எண்ணிக்கொண்டு வருவேன். "என்னம்மா, ஆளையா எண்ணுதீக? அது என் வேலைல்லா" என்று கண்டக்டர் கேலி செய்வார். ஒரு வெண்பா முடிய எனக்கு வாரக்கணக்கில் ஆகும். எழுதுவேன், அடித்துவிடுவேன், மறுபடி எழுதுவேன்.

கல்யாணத்தில் வாழ்த்துப்பா வாசிப்பது எங்கள் பக்கத்து வழக்கம். அச்சடித்து, கண்ணாடிச் சட்டம் போட்டு, மேடையில் நின்று படித்துக் கொடுப்பார்கள். தாலி கட்டிய பிறகுதான் அது நடக்கும். அன்று முகூர்த்தத்துக்கு இன்னும் கொஞ்சம் நேரம் இருந்தது. "சும்மா உக்காந்திருக்கதுக்கு இப்பவே வாசிச்சிரு" என்றார் சித்தப்பா. நானும் மைக்கை வாங்கிக்கொண்டேன். என் முதல் அரங்கேற்றம்!

"தீவலம் வந்து..." என்று எடுத்தேன். அக்கினியைச் சுற்றி வரும் மணமக்களைச் சொல்லும் சொல் அது. நல்ல சொல் என்றுதான் நம்பியிருந்தேன்.

"நிறுத்தும்மா!"

மாப்பிள்ளையின் தாய்மாமன். கவியரங்கம் என்றால் முன்வரிசையில் உட்கார்ந்து விரலில் சீர் எண்ணுகிற ஆள் என்று கேள்விப்பட்டிருந்தேன். எழுந்து நின்றுகொண்டிருந்தார்.

"மங்கலப் பாட்டுக்கு மொதச் சொல்லே தீயா? வாழ்த்த வந்தியா, அறம் பாட வந்தியா?"

செய்யுளின் முதல் சொல் மங்கலமாக இருக்க வேண்டும், இல்லையென்றால் பாடப்பட்ட குடும்பத்துக்கே ஆகாது என்பது பழைய நம்பிக்கை. வேண்டுமென்றே அப்படிக் கெடுதல் வரப் பாடுவதைத்தான் அறம் பாடுதல் என்பார்கள். என் புத்தகத்தின் கடைசிப் பகுதியில் அது இருந்தது. மூடநம்பிக்கை என்று தள்ளிவிட்டுப் போயிருந்தேன்.

மாப்பிள்ளையின் அம்மா மணவறையை விட்டு இறங்கி வந்துவிட்டார். "போன வருசந்தான் பஞ்சு குடோன் எரிஞ்சு அவிய கை வெந்து கெடந்தாவ. இவ என்னடான்னா மணவறைல நின்னு தீ தீங்கா! இன்னைக்கு வேணாம்ணே. பொறவு பாத்துக்கிடலாம்."

தீ விபத்து நடந்ததே எங்களுக்குத் தெரியாது. யாரும் சொல்லவில்லை. மாப்பிள்ளையின் அப்பா முன்வரிசையில் உட்கார்ந்து, துண்டால் வலது கையை மெல்ல மூடிக்கொண்டார். பொறவு என்றால் என்ன என்று அந்த மண்டபத்தில் எல்லோருக்கும் தெரியும். மணவறை வரை வந்து நின்றுபோன கல்யாணம் பொறவு நடப்பதில்லை. பழி பெண்ணின் தலையில்தான் விடியும்.

தாய்மாமன் கையை உயர்த்தினார். "இரு தாயி. இதுக்கு ஒரு முறை இருக்கு. பாடுன வாயே மாத்திப் பாடணும். மங்கலமா எடுத்து, தளை தட்டாம, இங்கனயே, தாலிக்கு முன்ன. தட்டுச்சுன்னா தோசம் கழியலன்னு அர்த்தம். அதுக்குமேல ஒன் இஷ்டம்."

"டைப் அடிச்சுக் கொண்டாந்த பாட்டுல்லா. வாயில வருமாக்கும்?" என்று யாரோ சிரித்தார்கள்.

அம்மா என் முழங்கையைப் பிடித்தாள். "ஏட்டி, எதையாவது சொல்லித் தொலைட்டி."

வாரக்கணக்கில் ஆகிற காரியம். 'பொன்' என்று எடுத்தேன். அது மங்கலச் சொல். அடுத்து என்ன, அடுத்து என்ன. தாய்மாமனின் வலது கை மார்புக்கு நேரே நின்றது. நான் ஒவ்வொரு சீராகச் சொல்லச் சொல்ல, அவர் கட்டைவிரல் கணு கணுவாக நகர்ந்தது. முதலடி போனது. இரண்டாவது போனது. மூன்றாவது எப்படியோ உருண்டு விழுந்தது.

ஈற்றடி வரவில்லை. ஐயர் கடிகாரத்தைப் பார்த்தார். நாயனக்காரர் சீவாளியை வாயில் வைத்து எடுத்தார். என் தங்கை அப்போதுதான் தலை நிமிர்ந்தாள். அழவில்லை. என்னைப் பார்த்தாள், அவ்வளவுதான். எண்ணாமல், மடக்காமல், வாய் தானாகச் சொன்னது:

"எங்கள் வீட்டு விளக்கு."

சொன்ன கணமே தெரிந்துவிட்டது. தட்டிவிட்டது. 'எங்கள்' என்பதற்குப் பின்னால் 'வீட்டு' வரக்கூடாது. இதே தப்புக்காக எத்தனை அடிகளை நானே அடித்துப் போட்டிருக்கிறேன்!

அவர் கட்டைவிரல் நடுவிரல் கணுவில் நின்றுவிட்டது. என்னைப் பார்த்தார். தப்பு அவருக்குத் தெரிந்துவிட்டது; எனக்கும் தெரியும் என்பதும் அவருக்குத் தெரிந்தது. அத்தனை கூட்டத்தில் எங்கள் இரண்டு பேருக்கு மட்டும். பிறகு மணவறைப் பக்கம் திரும்பி என் தங்கையைச் சற்று நேரம் பார்த்தார். விரல்கள் ஒவ்வொன்றாக உள்ளங்கைக்குள் மடங்கின.

"தட்டல. சுத்தமா இருக்கு. மேளத்தைக் கொட்டச் சொல்லுங்கப்பா."

"நெசமாத்தானாண்ணே?" என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

"நான் எண்ணிப் பாக்காமலா சொல்லுதேன்? வெளக்குன்னுல்லா முடிச்சிருக்கா பிள்ள. போய் ஒக்காரு தாயி."

கெட்டிமேளம் முழங்கியது.

பந்தியில் தாய்மாமன் முதல் இலையில் உட்கார்ந்திருந்தார். பாயசம் ஊற்றுகிற சாக்கில் குனிந்து, "மாமா, அந்தக் கடைசி அடி..." என்றேன்.

"இன்னுங் கொஞ்சம் ஊத்தும்மா" என்றார். தலை நிமிரவில்லை.

திரும்பி வரும் பஸ்ஸில் சரியான அடி வந்து நின்றது: 'எங்கள் மனையின் விளக்கு.' ஒரே ஒரு சொல்தான் வித்தியாசம். யாரிடமும் சொல்லவில்லை. என்னைக் குடைந்தது வேறொன்று. அந்த மனிதர் ஊருக்காக வேஷம் போடவில்லை. தளை தட்டினால் தன் மருமகன் குடும்பத்துக்கு ஆகாது என்று மெய்யாகவே நம்பியவர். அந்தப் பயத்தைத் தான் மட்டும் சுமந்துகொண்டு, முன்பின் தெரியாத ஒரு பெண்ணை வாழ அனுப்பிவைத்தார்.

இப்போது நான் யாப்பை விட்டு வெகுதூரம் வந்து வசனத்தில் கவிதை எழுதுகிறேன். அன்றைய காது மட்டும் அப்படியே இருக்கிறது. பிழை எங்கே இருந்தாலும் சட்டென்று பிடித்துவிடும். பிடித்த பிறகு சொல்லாமல் விடுகிற மனசுக்குத்தான் இன்னும் பழகிக்கொண்டிருக்கிறேன்.