மாப்பிள்ளைக்கு இளகின முட்டை

என் தங்கையைக் கட்டியவருக்கு முட்டை கெட்டியாக இருந்தால் தொண்டையில் இறங்காதாம். கல்யாணம் முடிந்து அவர்கள் முதல் தடவையாகக் கீரமங்கலம் வந்து தங்கிய மறுநாள் காலையில்தான் இது எங்களுக்குத் தெரிந்தது. அம்மா விடியும் முன்பே எழுந்து இடியாப்பமும் நாட்டுக்கோழிக் குழம்பும் வைத்திருந்தாள். மாப்பிள்ளை இலையைப் பார்த்துச் சிரித்தார். "காலைல இவ்வளவு ஹெவியா வேணாம் அத்தை. முட்டை மட்டும் போதும். அவளுக்குத் தெரியும்" என்றார்.

அவளுக்கு என்ன தெரியும் என்று எனக்குத் தெரியாதா? இந்த வீட்டில் இருந்தவரை சாம்பாரில் உப்பு இல்லை என்று தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தவள். வெந்நீர் வைக்கச் சொன்னால்கூட "நீயே வையி" என்பாள். அவள் இப்போது பெட்டியைத் திறந்து, பட்டுச்சேலைக்கு அடியிலிருந்து ஒரு ரப்பர் கரண்டியை எடுத்தாள். புருஷன் வீட்டிலிருந்து பிறந்த வீட்டுக்குக் கரண்டி கொண்டுவந்த முதல் பெண் எங்கள் வம்சத்தில் இவள்தான்.

மாப்பிள்ளை அடுப்படி வாசலில் கைகட்டி நின்று பாடம் நடத்தினார். தீ சின்னதாக இருக்க வேண்டும். கிண்டுவதை நிறுத்தக் கூடாது. வெண்ணெய்தான், நெய் ஆகாது. வெங்காயம், மிளகாய் பக்கத்திலேயே வரக் கூடாது. முட்டை இன்னும் ஈரமாக இருக்கும்போதே இறக்கிவிட வேண்டும், மிச்சத்தைச் சட்டியின் சூடே பார்த்துக்கொள்ளும். எல்லாம் செல்போனில் பார்த்துப் படித்த படிப்பு. ஒரு முட்டையாவது உடைத்திருக்கிறீர்களா என்று கேட்டேன். "எனக்கு டேஸ்ட் தெரியும் அண்ணி, கைதான் வராது" என்றார். சாப்பிட மட்டும் நன்றாக வரும்போலிருக்கிறது.

தங்கை சட்டியை இறக்கி வைத்துவிட்டுத் தட்டு எடுக்கப் போனாள். அம்மா எட்டிப் பார்த்தாள். முட்டை தயிர்போலக் குழைந்து பளபளவென்று கிடந்தது. எங்கள் ஊரில் அதற்குப் பெயர் வேகாத முட்டை. புது மாப்பிள்ளைக்கு வேகாததை வைத்தார்கள் என்று பேச்சு வந்தால் அம்மா முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பாள்? பாவம், சட்டியை மறுபடி ஏற்றி, தீயைக் கூட்டி, நாலு கிண்டு கிண்டினாள். போதாததற்கு மிளகுத்தூளையும் தூவினாள். தங்கை திரும்பி வந்தபோது அது உதிரி உதிரியாக எங்கள் வீட்டுப் பொடிமாஸ் ஆகியிருந்தது.

"ஏம்மா தொட்ட?" என்றாள். கோபமாகக் கேட்டிருந்தால் சிரித்திருப்பேன். அம்மாவிடம் கேட்டுக்கொண்டே அவர் முகத்தைப் பார்த்தாள்.

மாப்பிள்ளை முறுக்கு என்பார்கள். அதிலாவது ஒரு சத்தம் இருக்கும், திருப்பி நாமும் ஒரு வார்த்தை சொல்லலாம். இவர் அதே சிரிப்போடு, "பரவால்ல, வேற போடு. நான் வெயிட் பண்றேன்" என்றார். அவள் அவசரமாக அடுத்த முட்டையை உடைத்தாள். ஓட்டுத்துண்டு உள்ளே விழுந்தது. அதை விரலால் துழாவி எடுக்கும்போதும் அவர் முகத்தைத்தான் பார்த்தாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கரண்டியைப் பிடுங்கி அவரிடம் நீட்டினேன்.

"இங்கிட்டு வாங்க மாப்பிள்ளை. அடுப்பு இருக்கு, முட்டை இருக்கு. டேஸ்ட் தெரிஞ்ச நீங்களே போட்டுக்கங்க."

அம்மா என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். அவர் கூடத்துக்குப் போய் உட்கார்ந்து செல்போனை எடுத்துக்கொண்டார். நல்ல வேலை செய்தோம் என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

தங்கை என் கையிலிருந்து கரண்டியை வாங்கிக் கழுவினாள். தீயைச் சின்னதாக வைத்தாள்.

"நீ பேசிட்டு இங்கிட்டே இருந்துக்குவக்கா" என்றாள், என்னைப் பார்க்காமல். "நான் நாளைக்கு அவரோட பஸ் ஏறணும்."