ஐஸ் கம்பெனியில் மூன்று வாரம்

காலையில் விசா வந்துவிட்டது. பதினொரு மணிக்கெல்லாம் கும்மிடிப்பூண்டியில் சேஃப்டி ஷூ கடையில் நின்றேன்.

நிலவியல் படிக்கும் எங்கள் வகுப்பில் ஆறு பேரை, கோடை விடுமுறையில் பாறைகளைப் பார்த்துப் படிக்க ஐஸ்லாந்துக்கு அழைத்துப் போகிறார்கள். அதில் நானும் ஒருத்தி. இதைப் பஸ் கண்டக்டரிடம்கூடச் சொல்லிவிட்டேன்.

ஷூ, ஹெல்மெட், சுத்தியல் வேண்டும் என்றேன். தெருவுக்குத் தெரு தொழிற்சாலை இருக்கும் இந்த ஊரில் இந்த மூன்றையும் கேட்டால் ஒரே கேள்விதான் வரும்.

"எந்த கம்பெனிம்மா?" என்றார் கடைக்காரர்.

"ஐஸ்லாந்துண்ணா."

"ஐஸ் கம்பெனியா? அப்போ ஷூ வாணாம். உள்ள எப்பவும் ஈரமா இருக்கும், கம்பூட்ஸ் வாங்கினு போ."

கம்பெனி இல்லை, வெளிநாடு, எரிமலைக் கல்லை உடைத்துப் பார்க்கப் போகிறோம் என்று மூச்சு விடாமல் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"கல்லு ஒடைக்கிற வேல. வேன் அனுப்புவாங்களா?"

"ஃப்ளைட்டுண்ணா."

"சாப்பாடு?"

"அவங்களே போடுறாங்க."

"பரவால்லியே. எத்தினி நாளு?"

"மூணு வாரம்."

அவர் முகம் வாடிவிட்டது. "அங்கயும் கான்ட்ராக்ட்டுதானா? ஒரே பேஜாரு" என்று ஷூவைப் பெட்டியில் வைத்தார்.

சிரிப்பை அடக்க முடியாமல் அப்பாவுக்குப் போன் செய்து சொன்னேன். எட்டு வருடமாக இரும்பு ஆலையில் கான்ட்ராக்ட்டில் இருப்பவர் அவர். சிரிக்கவே இல்லை.

"அவர் சொன்னதுல இன்னா தப்பு? பர்மனென்ட் பண்ணுவாங்களான்னு ஒரு வார்த்த கேட்டு வையி."

ஐஸ்லாந்தில் யாரையாவது பர்மனென்ட் செய்திருந்தால் கமெண்டில் சொல்லுங்கள். அப்பா காத்திருக்கிறார்.