திரேசம்மா அக்காவின் புதன்கிழமைகள்

அன்று வகுப்பறையில் இரண்டு கதிரைகளை எதிரெதிரே போட்டுவிட்டுத் திரேசம்மா அக்காவுக்காகக் காத்திருந்தோம். பத்தரை மணிக்கு நெடுந்தீவிலிருந்து அவருடைய மகள் தொலைபேசியில் அழைத்தாள்.

"அம்மா எங்களை விட்டிட்டுப் போயிட்டா, அக்கா. படகுக்கு வெளிக்கிட முந்தி மாடு அவிழ்க்கப் போனவா. பட்டியடியிலையே விழுந்திட்டா."

மாணவர்களை அனுப்பிவிட்டேன். கதிரைகளை எடுத்து வைக்க மனம் வரவில்லை.

மருத்துவ பீடத்தில் அவருக்கு முன்னால் வியர்த்தபடி அமர்ந்திருந்த மாணவர்களான உங்களுக்கு அவரை அறிமுகம் செய்யத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். மாணவர்கள் நோயாளியுடன் பேசப் பழகுவதற்காக, எங்களிடம் நோயாளியாக நடிக்க வந்தவர் அவர். மாதத்தின் முதற் புதனில் நடக்கும் அந்த வகுப்பை ஒழுங்கு செய்வது என் வேலை.

முதல் நாளே ஒரு மாணவர் தலை நிமிராமல் தாளைப் பார்த்துக் கேள்விகளை அடுக்கினார். அக்கா வாயே திறக்கவில்லை.

"ஏன் அம்மா பேசாமல் இருக்கிறீங்கள்?"

"நீர் முதல்ல அந்தப் பேப்பரோடை கதையும் தம்பி. முடிஞ்சாப்பிறகு நான் சொல்லுறன்."

வகுப்பே சிரித்தது. அந்த மாணவர் தாளை மடித்து வைத்தார்.

பிறகு நான் எழுதிக் கொடுத்த பாத்திரம், இருதய நோய்க்கான குளிசைகளை இடையில் நிறுத்திவிட்ட ஒரு பெண். காரணத்தை அன்பாகக் கேட்டால் மட்டுமே அவள் சொல்வாள். மாணவர்கள் பலரும் அக்காவைக் கண்டித்தார்கள். அவர் சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டிருப்பார். "கோபிச்சால் வாய் மூடிப் போகும், தங்கச்சி" என்று பின்னர் என்னிடம் சொல்வார்.

ஒரு மாணவி மட்டும் குரலைத் தாழ்த்தி, "கிளினிக்குக்கு வந்து போறது உங்களுக்குக் கஷ்டமோ அம்மா?" என்று கேட்டாள். அக்காவின் கண்கள் நிறைந்துவிட்டன. அந்த மாணவிக்கு முழுப் புள்ளியும் கொடுத்தேன்.

"நல்லா நடிச்சனீங்கள் அக்கா" என்றேன்.

"நடிப்பெண்டு ஆர் சொன்னது?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

அடக்கத்துக்கு நெடுந்தீவு போனேன். கல்லறையிலிருந்து திரும்பியதும் மகள் அலுமாரியைத் திறந்து அம்மாவின் கிளினிக் கொப்பியை எடுத்துத் தந்தாள். யாழ்ப்பாண ஆஸ்பத்திரியின் இருதய கிளினிக். அவருடைய முறை, மாதத்தின் முதற் புதன். ஒரு வருடத்துக்கு மேலாக ஒரு பதிவும் இல்லை.

"ரெண்டு இடத்துக்கும் போக ஏலாது. பின்னேரப் படகைப் பிடிக்க வேணும், மாடு தனிய நிக்கும். கிளினிக்குக்குப் போங்கோ எண்டு எத்தினை தரம் சொன்னனான்! 'அங்க பிள்ளையள் காத்துக்கொண்டிருக்கும்' எண்டுவா."

அவள் என்னைக் குற்றம் சாட்டவில்லை. தேத்தண்ணி தந்தாள். திரும்பும் படகில் ஒன்றை மட்டுமே நினைத்துக்கொண்டிருந்தேன். எந்தக் கேள்வியைக் கேட்கவேண்டும் என்று மாணவர்களுக்குக் கற்பித்த நான், அதை அவரிடம் ஒருநாளும் கேட்கவில்லை. அவர் நல்ல நடிகை என்று நம்புவது எனக்கு வசதியாக இருந்தது.

இப்போது நடிக்க வருபவர் சுருவில் கிராமத்தைச் சேர்ந்த ஓர் அண்ணை. நாள் குறிக்க முன்பு, "புதன்கிழமையில வேறை எங்கையும் போக வேண்டியிருக்கோ?" என்று கேட்டேன்.

"ஓம், கிளினிக் இருக்கு" என்றார், சற்றுத் தயங்கி.

அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தக் கேள்விதான். வகுப்பை வெள்ளிக்கிழமைக்கு மாற்றிவிட்டோம். அதற்கு நான் பீடத்துக்கு எழுத வேண்டியிருந்தது ஒரேயொரு கடிதம்.